குரோஷா பொம்மையின் உச்சந்தலையில் ஓட்டையா? முதல் 6 தையலில் இருக்கிறது விஷயம்!

கைவேலை நேரம்

முயல், கரடி, தேனீ, ஆக்டோபஸ்... ஒரு நூல்கண்டும் ஒரே ஒரு ஊசியும் வைத்துப் பின்னும் குரோஷா பொம்மைகள் பிறந்தநாள் பரிசு, சாவிக்கொத்து, கொலுப்படி என்று எங்கும் வந்து உட்கார்ந்துவிட்டன. யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே பின்னக் கற்றுக்கொள்பவர்களும் அதிகம். ஆனால், கண் வைத்து, வாய் தைத்து, பொம்மையைக் குழந்தையின் கையில் கொடுத்த பிறகுதான் பலருக்கும் அந்தக் குறை கண்ணில் படுகிறது. பொம்மையின் உச்சந்தலையில் சின்னதாக ஓர் ஓட்டை. அதன் வழியாக உள்ளே அடைத்த பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது.

பார்க்க அழகாக இல்லை என்பதோடு இது முடிவதில்லை. ஓட்டையைக் கண்டால் விரலை விட்டு நோண்டுவதும், பிடுங்கியதை வாயில் வைப்பதும் கைக்குழந்தைகளின் இயல்பு. பஞ்சு தொண்டையில் சிக்கினால் ஆபத்து. ஆசையாகப் பின்னிய பொம்மை, குழந்தையிடம் கொடுக்கவே பயப்படும் பொருளாகிவிடும்.

அந்த ஓட்டை, பொம்மை முடிந்த பிறகு விழுவதல்ல. பின்ன உட்கார்ந்த முதல் சில நிமிடங்களில், முதல் 6 தையலிலேயே அது உருவாகிவிடுகிறது. 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்பது குரோஷா பொம்மைக்கு அப்படியே பொருந்தும். அதனால் இந்த வாரம் முழுக்க ஆரம்பத்தைப் பற்றி மட்டும்!

எல்லோருக்கும் இடறும் முதல் படி

இந்தப் பொம்மைகளுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் 'அமிகுருமி'. ஜப்பானிய மொழியில் 'அமி' என்றால் பின்னியது. 'நுயிகுருமி' என்றால் பஞ்சு அடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்ததே அமிகுருமி.

ஸ்வெட்டர் போல வரிசை வரிசையாகத் திருப்பித் திருப்பிப் பின்னாமல், இதை நடுவில் ஒரு புள்ளியில் தொடங்கி, நத்தை ஓடு போல சுற்றிச் சுற்றிப் பின்னுகிறார்கள். தலை என்றால் உச்சந்தலையில் இருந்து ஆரம்பம். கை, கால் என்றால் அவற்றின் நுனியில் இருந்து ஆரம்பம்.

அந்த நடுப்புள்ளிதான் புதியவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. அமெரிக்காவில் 2020-ல் தொடங்கப்பட்ட 'தி வூபிள்ஸ்' என்ற நிறுவனம், முதன்முறையாகக் குரோஷா பின்னுபவர்களுக்கான பொம்மை கிட்களை விற்கிறது. அந்த கிட்களில் ஆரம்பப் பகுதியை முன்கூட்டியே பின்னி வைத்துத் தருகிறார்கள். வாங்குபவர் அங்கிருந்து தொடர்ந்தால் போதும். 'ஆரம்பம்தான் கஷ்டம்' என்பதை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது என்றால், உங்களுக்கு மட்டும் அது வரவில்லை என்று வருத்தப்படத் தேவையில்லை.

தொடங்க 3 வழிகள்

1. செயின் வளையம்: 4 அல்லது 5 செயின் போட்டு, முதல் செயினோடு இணைத்து வளையமாக்கி, அதற்குள் பின்னுவது. டேபிள் மேட், சதுரப் பூ டிசைன் போன்றவற்றுக்கு நன்றாக இருக்கும். ஆனால், இந்த வளையத்தை இறுக்க முடியாது. நடுவில் ஓட்டை இருந்தே தீரும். பொம்மைக்கு வேண்டாம்.

2. இரண்டு செயின் முறை: சுருக்குக் கண்ணி போட்டு 2 செயின் பின்னி, ஊசியில் இருந்து இரண்டாவதாக இருக்கும் செயினுக்குள் 6 தையல்களையும் போடுவது. கற்றுக்கொள்ள மிக எளிது. செயினை இறுக்கமாகப் போட்டால் ஓட்டை சிறிதாக இருக்கும். ஆனாலும் முழுவதும் மூடாது.

3. மேஜிக் ரிங்: நூலையே வளையமாக்கி, அதன் மேல் 6 தையல் பின்னி, கடைசியில் நூலின் நுனியை இழுத்து மூடுவது. சுருக்குப்பையின் வாயைக் கயிறு இழுத்து மூடுவது போலத்தான். ஓட்டையே இல்லாமல் மூடும் என்பதால் பொம்மைக்கு இதுவே சிறந்தது.

மேஜிக் ரிங்: ஸ்டெப் பை ஸ்டெப்

இரண்டு சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூலின் வெட்டிய நுனிப் பக்கம் 'வால்'. நூல்கண்டில் இருந்து வரும் பக்கம் 'கண்டு நூல்'. வலது கையில் ஊசி பிடிப்பவர்களுக்கான செய்முறை இது.

ஸ்டெப் 1: சுமார் 15 செ.மீ. வால் விடுங்கள். வால் உள்ளங்கைப் பக்கம் தொங்கட்டும். நூலை இடது கை ஆள்காட்டி விரலின் மேலாகக் கொண்டுபோய், விரலைச் சுற்றி, முதல் இழையைக் குறுக்காகத் தாண்டும்படி மேலே கொண்டு வாருங்கள். விரலின் மேல் 'எக்ஸ்' வடிவம் தெரியும். வாலைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப் 2: எக்ஸின் வலப்பக்க இழைக்கு அடியில் ஊசியை நுழைத்து, இடப்பக்க இழையைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுங்கள். இழுக்கும்போதே ஊசியை லேசாகத் திருப்பினால் ஊசியில் ஒரு கண்ணி நிற்கும்.

ஸ்டெப் 3: கண்டு நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, அந்தக் கண்ணி வழியாக இழுங்கள். இது 1 செயின். வளையம் கலையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே இதன் வேலை. இதைத் தையல் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

ஸ்டெப் 4: வளையத்தை விரலில் இருந்து கழற்றுங்கள். வளையத்தின் இழையும் வாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்து அடியில் ஊசியை நுழையுங்கள். கண்டு நூலை இழுத்து வந்தால் ஊசியில் 2 கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி, இரண்டு கண்ணிகளின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுங்கள். இதுதான் ஒரு சிங்கிள் குரோஷா. இதுபோல மொத்தம் 6.

ஸ்டெப் 5: கடைசியாகப் போட்ட தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாலை மெதுவாக, சீராக இழுங்கள். 6 தையல்களும் பூவிதழ் போல ஒன்றுகூடி, நடு ஓட்டை மூடிக்கொள்ளும்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இதையே கண்ணாடி பிம்பம் போல மாற்றிச் செய்ய வேண்டும். வலம் என்று இருக்கும் இடத்தில் இடம், இடம் என்று இருக்கும் இடத்தில் வலம்.

இழுத்தாலும் மூடவில்லையா?

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்.

முதலாவது, வாலுக்குப் பதில் கண்டு நூலை இழுப்பது. இரண்டு நூலும் ஒரே நிறம் என்பதால் அடிக்கடி நடக்கும். வெட்டிய நுனி எது என்று பார்த்துவிட்டு இழுங்கள்.

இரண்டாவது, பின்னும்போது ஊசி வளையத்தின் இழையைக் குத்திப் பிளந்துவிடுவது. பிளந்த இழை தையலோடு சிக்கிக்கொண்டு நகராது. பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. 6 தையல்தானே!

மூன்றாவது, வளையத்துக்குள் தையல்கள் அதிகமாகிவிடுவது. 8, 9 என்று போனால், அத்தனை நூலும் நடுவில் இடம் பிடித்துக்கொண்டு முழுவதும் மூட விடாது.

மூடினால் மட்டும் போதாது... பூட்ட வேண்டும்!

மேஜிக் ரிங்கின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. வாலை இழுத்து மூடிய வளையம், அதே வால் நழுவினால் மறுபடி திறந்துகொள்ளும். அங்கே முடிச்சு எதுவும் இல்லை. நூலின் உராய்வு மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. குழந்தை இழுத்து விளையாடும்போதும், துவைக்கும்போதும் வழவழப்பான நூல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். கொடுத்த அன்று நன்றாக இருந்த பொம்மையில் சில மாதங்கள் கழித்து ஓட்டை விழுவது இதனால்தான்.

இதற்கான தீர்வு எளிது. 3, 4 சுற்றுகள் பின்னிய பிறகு, வாலை முனை மழுங்கிய, கண் பெரிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். உட்பக்கத்தில், வளையத்தைச் சுற்றி இருக்கும் தையல்களின் அடிப்பகுதி வழியாக ஒரு முழுச் சுற்று தையுங்கள். பிறகு திசையை மாற்றி, வந்த வழியே கொஞ்ச தூரம் தையுங்கள். ஒரே திசையில் ஓடும் நூல் உருவிக்கொள்ளும். திசை மாறிய நூல் அவ்வளவு சீக்கிரம் வராது. பொம்மையின் உட்பக்கம் வெளியே தெரியாது என்பதால், ஒரு சின்ன முடிச்சும் போட்டுக்கொள்ளலாம். வாலை ஒட்ட வெட்டாமல் 3 செ.மீ. விட்டு உள்ளேயே விட்டுவிடுங்கள்.

இன்னும் உறுதி வேண்டும் என்றால் 'டபுள் மேஜிக் ரிங்' செய்யலாம். விரலில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று. 6 தையல்களையும் இரண்டு இழைகளின் மேல் பின்ன வேண்டும். மூடும்போது வாலை லேசாக இழுத்தால், இரண்டில் ஓர் இழை நகர்வது தெரியும். நகரும் அந்த இழையைப் பிடித்து இழுத்தால் மற்றொன்று மூடும். பிறகு வாலை இழுத்தால் இதுவும் மூடும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதால் எளிதில் திறக்காது.

ஏன் சரியாக 6?

குரோஷா பேட்டர்ன்களைப் பார்த்தால் பெரும்பாலானவை 6, 12, 18, 24 என்றே வளரும். பள்ளியில் படித்த வட்டத்தின் கணக்குதான் இதற்குக் காரணம். வட்டத்தின் சுற்றளவு, ஆரத்தைப் போல சுமார் 6.28 மடங்கு. ஒவ்வொரு சுற்று பின்னும்போதும் ஆரம் ஒரு தையலின் உயரம் அளவு கூடுகிறது. சிங்கிள் குரோஷா தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஆக, ஒவ்வொரு சுற்றிலும் 6 தையல் கூட்டினால் வட்டம் தட்டையாக வரும். அதைவிடக் குறைவாகக் கூட்டினால் கிண்ணம் போலக் குவியும். அதிகமாகக் கூட்டினால் பாவாடைக் கொசுவம் போல நெளியும்.

சுற்று 1: வளையத்தில் 6 தையல்.

சுற்று 2: ஒவ்வொரு தையலிலும் 2. மொத்தம் 12.

சுற்று 3: ஒன்றில் 1, அடுத்ததில் 2, இதுபோல 6 முறை. மொத்தம் 18.

சுற்று 4: இரண்டு தையல்களில் ஒவ்வொன்று, அடுத்ததில் 2, இதுபோல 6 முறை. மொத்தம் 24.

ஒரு சின்ன நுணுக்கம்... கூட்டும் தையல் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால், வட்டம் மெல்ல அறுகோணமாகிவிடும். தலை உருண்டையாக வேண்டும் என்றால் 4-வது சுற்றை இப்படி மாற்றலாம்: முதலில் 1 தையல், அடுத்ததில் 2, பிறகு 'இரண்டில் ஒவ்வொன்று, அடுத்ததில் 2' என்று 5 முறை, கடைசியில் 1 தையல். மொத்தம் அதே 24தான். ஆனால், மூலைகள் தெரியாது.

எண்ணிக்கை தவறாமல் இருக்க...

முதல் சுற்றை முடித்ததும் இணைக்க வேண்டாம். 7-வது தையலை நேராக முதல் தையலின் தலையில் போட்டுத் தொடருங்கள். சுற்றை இணைத்து இணைத்துப் பின்னினால் பொம்மையின் மேல் தழும்பு போல ஒரு கோடு ஓடும். தொடர் சுற்றாகப் பின்னினால் அது வராது.

ஆனால், தொடர் சுற்றில் ஒரு சுற்று எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சுற்றின் முதல் தையலிலும் ஓர் அடையாளம் வேண்டும். ஸ்டிச் மார்க்கர் இல்லாவிட்டால் வேறு நிறத்தில் ஒரு துண்டு நூல் போதும். ஊக்கு மாட்டுபவர்கள், பஞ்சு அடைக்கும் முன் அதை எடுத்துவிட்டோமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

உள்ளே வெளியே ஆகிவிட்டதா?

3, 4 சுற்றுகளுக்குப் பிறகு வட்டம் கிண்ணம் போலக் குவியத் தொடங்கும். அப்போது பல புதியவர்களுக்குக் கிண்ணத்தின் தவறான பக்கம் வெளியே வந்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன 'வி' வடிவங்கள் வரிசையாகத் தெரிய வேண்டும். கிடைக்கோடுகள் தெரிந்தால் அது உட்பக்கம்.

பின்னும்போதே தெரிந்துகொள்ள இன்னொரு வழி: ஊசி எப்போதும் கிண்ணத்தின் வெளியே இருந்து உள்நோக்கி நுழைய வேண்டும். உள்ளிருந்து வெளியே குத்துகிறது என்றால், கிண்ணத்தை மறுபுறம் புரட்டிவிட்டால் சரியாகிவிடும். எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

நூலும் ஊசியும்

நடு ஓட்டையை மூடினாலும், மற்ற தையல்களுக்கு இடையே இடைவெளி இருந்தால் பஞ்சு அங்கே எட்டிப் பார்க்கும். நூலின் லேபிளில் சொல்லும் அளவைவிடச் சிறிய ஊசியை எடுத்துக்கொள்வது வழக்கம். லேபிளில் 4 மி.மீ. என்று இருந்தால் பொம்மைக்கு 3 அல்லது 2.5 மி.மீ. எடுக்கலாம். பின்னிய துணியை விரல்களால் லேசாக விரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பெரிய ஓட்டைகள் தெரிந்தால் ஊசியை இன்னும் சிறிதாக்குங்கள்.

முதல் பொம்மைக்கு வெளிர்நிறக் காட்டன் நூல் நல்லது. கறுப்பு, அடர்நீல நூலில் தையலே கண்ணுக்குத் தெரியாது. புசுபுசுவென்று இருக்கும் வெல்வெட் நூலில் மேஜிக் ரிங் செய்தால், வாலை இழுக்கும்போது முடி உதிர்ந்து நூல் அறுந்துபோகலாம். அந்த வகை நூலுக்கு மட்டும் இரண்டு செயின் முறையே மேல். நூலின் புசுபுசுப்பே அந்தச் சின்ன ஓட்டையை மறைத்துவிடும்.

பேட்டர்னைப் படிக்கும்போது இன்னொரு கவனம். அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷா' என்பதற்கு, பிரிட்டிஷ் முறையில் 'டபுள் குரோஷா' என்று பெயர். எந்த முறை என்று பார்க்காமல், பிரிட்டிஷ் பேட்டர்னை வைத்துக்கொண்டு அமெரிக்க டபுள் குரோஷா போட்டால் தையல்கள் உயரமாகி, சல்லடை போல இடைவெளி விழும்.

ஓவல் வேண்டும் என்றால்...

பாதம், நாய்க்குட்டியின் மூக்குப் பகுதி போன்றவை நீள்வட்டமாக வேண்டியிருக்கும். இவற்றுக்கு மேஜிக் ரிங் தேவையில்லை. 6 செயின் போட்டு, ஊசியில் இருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 4 செயின்களில் ஒவ்வொரு தையல். கடைசிச் செயினில் 3 தையல். அங்கிருந்து திரும்பி, செயினின் மறுபக்கத்தில் 3 செயின்களில் ஒவ்வொன்று. முதலில் தொடங்கிய செயினில் 2. மொத்தம் 12 தையல். இங்கே செயின் தளர்வாக இருந்தால் நடுவில் வரிசையாக ஓட்டைகள் விழும். அதனால் செயினை இறுக்கமாகப் போடுவது முக்கியம்.

பச்சிளம் குழந்தைக்கான பாடம்

ஆரம்பம் இறுக்கமாக இருக்க வேண்டியதன் அவசியத்தைப் புரிந்துகொள்ள டென்மார்க்கைப் பார்க்கலாம். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைகளுக்காக, 2013-ல் அங்கே தன்னார்வலர்கள் குரோஷா ஆக்டோபஸ் பின்னத் தொடங்கினார்கள். சுருள் சுருளான அதன் கைகளைப் பிடித்துக்கொள்வது, தாயின் வயிற்றில் தொப்புள்கொடியைப் பிடித்திருப்பது போன்ற இதத்தைத் தரலாம் என்பது அவர்களின் எண்ணம். பிறகு பல நாடுகளுக்கும் இது பரவியது.

அந்த ஆக்டோபஸுக்கு அவர்கள் வகுத்த விதிகள் கறாரானவை. நூல் 100 சதவிகிதம் காட்டனாக இருக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைக்கத் தாங்க வேண்டும். கையை இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீ.-க்கு மேல் நீளக் கூடாது. பிளாஸ்டிக் கண்கள் கூடாது. நூலால் தைக்க வேண்டும். பஞ்சு வெளியே வராத அளவுக்குத் தையல் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தையின் பக்கத்தில் வைக்கும் பொருள் என்றால், உச்சந்தலையின் ஒரு சிறு ஓட்டையும் சிறியது இல்லை.

நம் வீட்டுக் குழந்தைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்கு, 'சேஃப்டி ஐஸ்' என்று விற்கப்படும் பிளாஸ்டிக் கண்களும் வேண்டாம். எம்பிராய்டரி நூலால் கண் தைப்பதே பாதுகாப்பு.

பின்னிய பொம்மைகளை இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே தயாரித்து விற்கும் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. சிறிய அளவில் தொழிலாகச் செய்பவர்கள் அந்தப் பதிவைப் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது.

கொடுக்கும் முன் ஒரு சோதனை

பஞ்சு அடைத்து முடித்த பிறகு, தொடங்கிய இடத்தின் மேல் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்துங்கள். பிறகு அந்த இடத்தின் இரு பக்கத்தையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஓட்டை விரியாமல், பஞ்சு தெரியாமல் இருந்தால் பொம்மை தயார். ஏற்கெனவே முடித்த பொம்மையில் ஓட்டை இருக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். அதே நிற நூலை ஊசியில் கோத்து, நடுவில் இருக்கும் 6 தையல்களின் வழியாக ஒரு சுற்று ஓட்டி, இறுக்கி, முடிச்சை உள்ளே தள்ளிவிட்டால் போதும்.

முதல் வளையம் ஒரே நாளில் கைக்கு வந்துவிடாது. பொம்மை பின்னும் எண்ணத்தையே கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நாள் மாலை முழுக்க வளையம், 6 தையல், இழுத்து மூடுதல், பிரித்தல் என்று மட்டும் பழகுங்கள். 10 முறை பிரித்தாலும் அதே நூல்தான்; வீணாவது எதுவும் இல்லை.

அடுத்த வாரம்: தையல் குறைக்கும்போது ஓட்டை விழாமல் இருப்பது எப்படி? பஞ்சை எவ்வளவு அடைக்கலாம்?